போல்வெரனில் இரவு தங்கக் கூடாது

கிளெண்டா தாக்ரேவின் பொறுமை அன்று மத்தியானத்தோடு தீர்ந்துபோனது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த போல்வெரன் என்ற அந்தக் கடற்கரை ஊரில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. கார் நுழையும், படுக்கையும் அடுப்பும் கக்கூஸும் சுமந்த அவர்களுடைய வீட்டுவண்டி நுழையாது. கம்பி இல்லாத இடத்தில் பலகை: இரவு தங்கக் கூடாது. பலகையும் இல்லாத தெருவில் ஜன்னல் திரை விலகும், ஒரு மூக்கு தெரியும், சற்று நேரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து, "ரொம்ப நேரம் நிக்கிற மாதிரியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை விட்டாலும் தேவலை.

"பேசாம கடல்ல இறக்கிடறேன். அங்கதான் இன்னும் போர்டு வைக்கல," என்றார் கணவர் கிளிஃப். வாழ்நாள் பூராவும் ஹல் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டியவர். ஸ்டீரிங்கைப் பிடித்தே அவர் தோள் இரண்டும் முன்பக்கம் வளைந்துவிட்டன.

"இறக்கு. நான் முதல்ல இறங்கிக்கறேன்," என்றாள் அவள்.

அவர்கள் கடல் பார்க்க வரவில்லை. கிளெண்டாவின் தங்கை ஹிலரி, ஊருக்கு மேலே மேட்டில் இருந்த பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தாள். பிழைக்க வழியில்லை என்று ஆனவர்களை வலியில்லாமல் வழியனுப்பும் இல்லம் அது. புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். இவர்களுடைய அம்மா செத்தபோது பக்கத்தில் இரண்டு மகள்களும் இல்லை. ஆளுக்கொரு ரயிலில் இருந்தார்கள். அதை ஹிலரி மறக்கவே இல்லை. "எனக்கு அப்படி ஆகக் கூடாதுடீ கிளென். நான் போறப்போ நீ என் கையப் பிடிச்சுக்கணும்," என்று கேட்டிருந்தாள். பிடித்துக்கொள்கிறேன் என்று கிளெண்டா வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்கு அந்தக் கோடையில் இருந்த ஒரே வேலை அதுதான்.

ஹிலரி குடியிருந்த வாடகை அறையில் தங்கலாமென்றால், அவள் இல்லத்துக்குப் போன மறுவாரமே வீட்டுக்காரன் அதைக் கோடை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டான். ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரில் ஓட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் தெரு தெருவாகச் சுற்றினார்கள்.

பாவம், சுற்றுவது கிளெண்டாவுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு போட்டுப் போட்டே மணிக்கட்டு தேய்ந்தவள் அவள். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார்கள். பிள்ளை குட்டி இல்லை, தடுக்க ஆளில்லை. "கிறுக்குப் பிடிச்சிருச்சு ரெண்டுக்கும்," என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே சொன்னாள். சொன்னால் சொல்லட்டும் என்று கப்பலேறிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் எந்த நாடு எப்படி என்று அவளைக் கேட்டால் ஒரு ராத்திரி போதாது. பிரான்சில் குக்கிராமத்திலும் சர்ச்சுக்குப் பின்னால் வீட்டுவண்டிக்கென்று இடம் விட்டிருப்பார்கள். தண்ணீர்க் குழாய், கழிவு கொட்ட ஒரு தொட்டி, காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டி வண்டி. ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. ஜெர்மனியில் வரவேற்பு உண்டு, கூடவே வாத்தியாரும் உண்டு. சக்கரம் கோட்டைத் தாண்டினால் பக்கத்து வண்டிக்காரர் காப்பிக் கோப்பையோடு வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். கோட்டுக்குள் வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். ஸ்பெயினில் சக்கரம் மட்டும் தரையில் பட்டால் அது வண்டி நிறுத்தியதாகக் கணக்கு. ஒரு மடக்கு நாற்காலியை வெளியே போட்டால் அது முகாம் அடித்ததாகக் கணக்கு, அதற்கு அனுமதி இல்லை. கிளிஃப் பட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டார், போலீஸ்காரர் முன்னால் அரைக்கால் சட்டையோடு. நார்வேயில் மலை, அருவி எல்லாம் சும்மா. ரொட்டி வாங்கத்தான் சொத்தை எழுதி வைக்க வேண்டும். போர்ச்சுகலில் ஒரு காலத்தில் கடலோரம் எங்கும் நிற்கலாம். கூட்டம் கூட்டமாகப் போய் நின்று, குப்பையைப் போட்டு, அதைக் கெடுத்தவர்களில் பாதிப் பேர் இவர்கள் ஊர்க்காரர்கள்தான். கிளெண்டாவே சொல்வாள்.

எங்கே போனாலும் இடம் கேட்பது அவள் வேலை. ஒரு மொழியும் தெரியாது. எதிரே வருகிறவர் முன்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, கர்ர் என்று ஒரு குறட்டை விட்டு, வண்டியைக் காட்டிப் புருவத்தைத் தூக்குவாள். இத்தாலியில் ஒரு பாதிரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பையன்கள் பந்து விளையாடும் மைதானத்தின் கதவையே திறந்துவிட்டார். ஸ்லோவேனியாவில் ஒரு குடியானவன் தோட்டத்தில் இடம் கொடுத்து, ஒரு வாளி பிளம்ஸ் பழமும் கொடுத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாய் இல்லாமலே பிழைத்தாள்.

அப்புறம் இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு விலகியது. அரை வருஷத்தில் மூன்று மாதம்தான் அந்தப் பக்கம் இருக்கலாம், மிச்சத்துக்குத் திரும்பி வா என்று சட்டம். "விலகணும்னு நீதான ஓட்டுப் போட்ட, கிழவா. அனுபவி," என்பாள் கிளெண்டா ஒவ்வொரு தடவையும் கப்பலேறும்போது. "மீன்காரங்களுக்கு நல்லதுன்னு சொன்னாங்க," என்று கிளிஃப் முனகுவார். "மீன்காரங்க வண்டி நிறுத்த எடம் குடுப்பாங்களான்னு கேட்டியா?"

இப்படிச் சொந்த நாட்டில் பாதி வருஷம் இருந்தாக வேண்டும், இருக்கத்தான் இடமில்லை. அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை, அலுப்பு மட்டும் மிஞ்சியது. எழுபது வயதில் தினமும் சாயங்காலமானால் இன்றைக்கு எங்கே படுப்பது என்று யோசிப்பது ஒரு பிழைப்பா?

கடைசியில் ஊரைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு பால்பண்ணைக்காரர் புல்வெளியில் இடம் கிடைத்தது. ஆனால் இல்லத்துக்கு அங்கிருந்து முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் ஆளுயர வேலிப்புதர், நடுவில் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எப்போதும் கிளிஃப்தான் போனார். வருகிறவர்களுக்குப் பின்னால் ஓட்டத் தெரியாது.

இல்லத்துக்கு முன்னால் நல்ல விசாலமான இடம் இருந்தது. கம்பி கிடையாது. பாதி காலி. ஹிலரியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் முழுக்கத் தெரியும். ஆனால் நடுவில் அதே பலகை நின்றது: இரவு தங்கக் கூடாது.

முதல் நாள் போனபோது ஹிலரி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள், ஆனால் நாக்கு அப்படியேதான் இருந்தது.

"வந்துட்டாங்கடா நாடோடிங்க. என்னடீ, இவ்வளவு கறுத்துட்ட? பழைய சூட்கேஸ் மாதிரி இருக்க."

"நீ மட்டும் என்ன ராணியாட்டமா இருக்க?"

"படுக்கைக்கே டீ வருது, மணி அடிச்சா ஆள் வருது. ராணிதான்." சிரித்ததில் இருமல் வந்து, அடங்க வெகுநேரம் ஆனது.

நாலு நாள் அப்படிப் போனது. காலையில் வருவார்கள், கிளெண்டா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கிளிஃப் வண்டியில் குட்டித் தூக்கம் போடுவார். பார்வையாளர் நேரம் இரவு எட்டு மணி வரை என்று நடையில் எழுதி ஒட்டியிருந்தது. எட்டடிக்கக் கிளெண்டா எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளிவைத்து, கோட்டை மாட்டிக்கொள்வாள். ட்ரூடி என்ற நர்ஸ், குண்டான, மூச்சு வாங்க நடக்கிற பெண், தினமும் கதவில் எட்டிப் பார்த்துக் கேட்பாள்:

"எல்லாம் சரியா இருக்காம்மா? வேற ஏதாவது வேணுமா?"

"ஐயோ, ஒண்ணும் வேணாம்மா. நாங்க நல்லா இருக்கோம்."

நல்லா இருக்கிறார்களாம்! முதுகு விண்டு போகிறது, கண் எரிகிறது, கிளிஃப் முந்தின நாள் சாயங்காலம் வண்டியை வேலிப்புதரில் உரசிப் பக்கக் கண்ணாடியை உடைத்திருக்கிறார். ஆனாலும் நல்லா இருக்கிறார்கள். இந்த இங்கிலீஷ்காரச் சனங்களோடு எத்தனை வருஷம் பழகினாலும் இது ஒன்றுதான் கதை சொல்கிற எனக்குப் பிடிபடவில்லை. அசலூரில் தெருவில் போகிறவன் முன்னால் குறட்டை விட்டுக் காட்டினவள், சொந்த ஊரில் சொந்தப் பாஷையில் ஒரு வரி கேட்கக் கூசுகிறாள். வெளியூர்க்காரி கேட்டால் அது வேடிக்கை. உள்ளூர்க்காரி கேட்டால் அது தொல்லை. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஹிலரி அதிகம் பேசவில்லை. கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடினாள். எட்டு மணிக்குக் கிளெண்டா எழுந்தபோது அந்த விரல்கள் விடவில்லை.

"இங்கயே இரேன்டீ," என்றாள். குரல் காற்றாக வந்தது.

"காலையில முதல் ஆளா வந்து நிக்கறேன். நீ தூங்கு, கண்ணு."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். கதவில் ட்ரூடி நின்றாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் சோர்வாதான் இருக்காங்க," என்றாள் ட்ரூடி. "உங்களுக்கு ஏதாவது வேணுமா? எதுவா இருந்தாலும் கேளுங்க, கூச்சப்படாதீங்க."

"இல்லம்மா, நீங்களே எவ்வளவோ செய்யறீங்க. வரோம்."

வண்டியில் ஏறியதும் கிளிஃப் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. "கிளென், போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். இன்னிக்கு ஒரு ராத்திரி. மூலையில நின்னுக்கறோம், யாருக்கும் தெரியாது."

"போர்டு இருக்கில்ல?"

"போர்டுதான. போர்டு என்ன கடிக்குமா?"

"அவங்க இருக்கிற வேலையில நாம வேற போய் நிக்கணுமா? மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு எவ்வளவு சங்கடம்? விடு, ஓட்டு."

கிளிஃப் அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டினார்.

மறுநாள் காலை பண்ணையைவிட்டுக் கிளம்பின கொஞ்ச தூரத்தில் ஒரு வைக்கோல் டிராக்டர் முன்னால் மாட்டிக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. அதன் பின்னாலேயே ஊர்ந்தார்கள். வைக்கோல் துகள் கண்ணாடியெல்லாம் வந்து ஒட்டியது. "ஹாரன் அடியேன்," என்றாள் கிளெண்டா. கிளிஃப் அடித்தார். டிராக்டர்க்காரன் நட்பாகக் கையை ஆட்டிவிட்டு அதே வேகத்தில் போனான்.

இல்லத்தின் வாசலிலேயே ட்ரூடி நின்றிருந்தாள். ராத்திரி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கிளெண்டாவின் கால் நின்றுவிட்டது.

"விடியறப்போ," என்றாள் ட்ரூடி. "வலி இல்லம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன். போன் பண்ணேன், போகவே இல்ல."

பண்ணை இருந்த பள்ளத்தில் போன் எடுக்காது. அதையும் கிளெண்டா யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

"ஏதாவது கேட்டாளா?"

ட்ரூடி கொஞ்சம் தயங்கினாள். "உங்களத்தான் கேட்டாங்க. ரெண்டு மூணு தடவ. வண்டி எங்கன்னு கேட்டாங்க. ஜன்னல்ல இருந்து தெரியலயேன்னாங்க." பிறகு, கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனாலும் கேட்டுவிட்டாள்: "நீங்க எங்கம்மா தங்கியிருந்தீங்க?"

கிளெண்டா பண்ணையின் பேரைச் சொன்னாள்.

"அவ்வளவு தூரமா! எதுக்கு? இங்கயே நிறுத்தியிருக்கலாமே. குடும்பத்து ஆளுங்க எல்லாரும் இங்கதான நிக்கிறாங்க."

"போர்டு..." என்றாள் கிளெண்டா.

"ஐயோ, அது பீச்சுக்கு வர்ற பசங்களுக்கும்மா! எட்டு மணின்னு எழுதியிருக்கிறதும் சும்மா ஒரு பேச்சுக்கு. அவங்க பக்கத்துலயே கட்டில் போட்டுக் குடுத்திருப்போம். நீங்க எட்டடிச்சா கோட்டை மாட்டிக்கிட்டீங்க, சரி, வீட்டுக்குப் போறதுதான் இவங்களுக்கு வசதி போலிருக்குன்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன்," என்றாள் கிளெண்டா.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே, வாய் திறந்து, குழந்தை மாதிரி அழுதாள். ட்ரூடி அவளைக் கட்டிக்கொண்டாள். கிளிஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

உள்ளே ஹிலரியைத் துடைத்து, தலைசீவிப் படுக்க வைத்திருந்தார்கள். கிளெண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்வைக்குள் கையை விட்டுத் தங்கையின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டுக் கிடந்தது. டீ கொண்டு வந்தார்கள், ஆறியது, எடுத்துப் போனார்கள். மத்தியானம் ஆனது. சவ அடக்கக்காரர்கள் நாளைக்குத்தான் வருவார்களாம். சொல்லிவிட்டுத் திரும்பப்போன இல்லத்துப் பெண்ணைக் கிளெண்டா கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"இன்னிக்கு ராத்திரி நாங்க இங்க தங்கிக்கலாமா?"

"தாராளமா," என்றாள் அந்தப் பெண். "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க."