அண்ணன் காலில் குத்திய ஊசி

தோல் கிடங்கில் உப்புத் தோல் கட்டு சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தாராவியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யுத்த காலம். பாதி டாக்டர்கள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணனைப் பார்த்தவர் மாட்டுங்காவில் குடியிருந்த இளவயதுத் தமிழ் டாக்டர். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தினமும் காலையில் வருவார். அம்மா கட்டிலோரமே நிற்பாள். அண்ணன் கண்மேல் துண்டைப் போட்டுவிட்டு, வயிற்றிலிருந்து கீழே ஊசியால் குத்திக்கொண்டே போவார். எதுவரை தெரிகிறதோ அங்கே மையால் கோடு போடுவார்.

"கோடு கீழே எறங்கினா, நரம்பு முழுசா அறுந்துபோகலேன்னு அர்த்தம்மா. முதுகைத் தொறந்து பாக்கலாம். எறங்கலேன்னா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லே" என்று அம்மாவிடம் சொன்னார்.

மத்தியானம் சோறு கொண்டுபோனாலும் அம்மா முதலில் போர்வையை விலக்கி அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாள். அது இறங்கியது. தொப்புளிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முட்டிக்கு.

பக்கத்துக் கட்டில்காரரிடம் அண்ணன், "பாத்துக்கிட்டே இரும் வே, ஒருநா எந்திரிச்சு வந்து உம்ம கஞ்சியப் பிடுங்கிக் குடிக்கேன்" என்றான்.

"மொதல்ல உம்ம கஞ்சியக் குடியும்" என்றார் அவர்.

ஆபரேஷனுக்கு முன் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். எங்களை வெளியே போகச் சொன்னார். கதவோரம் நின்று பார்த்தோம். முட்டியில் குத்தினார். அண்ணன் வாய் திறக்கவில்லை. தொடையில் குத்தினார். பேசவில்லை. தொப்புளுக்கு வந்த பிறகுதான் "தெரியுது" என்றான்.

இளைய டாக்டரின் முகம் செத்துவிட்டது. அம்மாவை உள்ளே கூப்பிட்டு மறுபடி குத்தினார். முட்டியில் ஊசி பட்டதும் அம்மா தாங்காமல் "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தாள். உடனே அண்ணன், "தெரியுது" என்றான்.

"ஏம்ப்பா பொய் சொன்னே?" என்றார் இளைய டாக்டர்.

"பொய்யில்ல டாக்டரய்யா. நெசமாவே குத்துனாப்புலதான் இருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆபரேஷன் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா, கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டினால்கூடச் சத்தம் போடுவதில்லை.

வீட்டில் அவனுக்குப் படுக்கைப் புண் வந்தது. எலும்பு தெரிந்தது. அப்புறம் காய்ச்சல். அது விடவே இல்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, ஊசி எடு. அம்ம இல்லாம பாப்போம்."

துண்டைத் தானே கண்ணில் போட்டுக்கொண்டான். பாதத்தில் குத்தினேன். முட்டியில் குத்தினேன். தொடையில் அழுத்திக் குத்தினேன். ரத்தம் வந்தது.

"என்னட்டி, குத்திட்டியா?"

"இல்லண்ணேன். ஊசியத் தேடுதேன்."

"சீக்கிரம் தேடு பிள்ள. அம்ம வந்துருவா."