நெல் மூட்டைக்குக் கடை வரி

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டில் சாலையைப் பார்த்த முன்னறையில் நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். பின்னால் கூடத்திலும் சமையலறையிலும் குடும்பம் நடக்கிறது. முன்னறைக்குக் கடை வரி, மற்றதற்கு வீட்டு வரி என்று இருபது வருடம் கட்டினேன். யாருக்கும் குழப்பம் வரவில்லை. போன வருடம் வரிக்காக வீடுகளை மறுபடி அளக்க வந்தார்கள்.

கணக்கு பெரிய வித்தையில்லை. நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். மேலே தளமா, ஓடா, ஷீட்டா என்று பார்க்க வேண்டும். உள்ளே நடப்பது குடும்பமா, வியாபாரமா என்று பார்க்க வேண்டும். வியாபாரம் என்றால் சதுர அடிக்கு ரேட் ஏறிவிடும். முதல் இரண்டில் தப்பு செய்வது கஷ்டம். மூன்றாவதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும். அதைச் செல்போனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அளக்க வந்தவர் வெளியூர்க்காரர். அப்போது கூடத்தில் எங்கள் நெல் மூட்டைகள் இருந்தன. அறுவடை முடிந்து, அரசு கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கிவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். கீழே பலகை போட்டு, சுவரில் ஒட்டாமல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் சுண்ணக்கட்டியால் நம்பர் போட்டிருந்தாள். அவர் ஒரு போட்டோ எடுத்தார். போனில் ‘குடோன்’ என்று அழுத்தினார். மொத்த வீடும் கடை ரேட்டுக்குப் போய், வரி மூன்று மடங்கானது.

ஊராட்சிச் செயலர் எங்கள் தெருக்காரர்தான். அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து டீ குடித்தவர்.

“அது வூடுன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“எனக்குத் தெரியும்ணா. போட்டோவுக்குத் தெரியலியே.”

“கவர்மெண்டு நெல்ல எடுக்கல, அதான் வூட்ல கீது. அதுக்கும் கவர்மெண்டே வரி போடுமா?”

“எடுக்கறது வேற ஆபீஸ்ணா. வெள்ளிக்கிழம அளக்கறவரு திரும்ப வராரு. மூட்டைய வெளிய எடுத்து வையி. அன்னிக்கு வுட்டா அவ்ளோதான், கம்ப்யூட்டர் பூட்டிக்கும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூட்டைகளைச் சுமந்து வாசலில் அடுக்கினோம். வானம் மூடியிருந்ததால் நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினேன். காலையில் வருவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கு மேல் வந்தார். கூடம் காலியாக இருந்தது. ‘வீடு’ என்று அழுத்தினார். கிளம்பும்போது வாசலைப் பார்த்து நின்றார்.

“இது என்ன, ஷெட்டா?”

“தார்ப்பாய் சார். நெல்லு நனையக்கூடாதுன்னு கட்டினது.”

“மேல கூரை, கீழ சரக்கு. வாசலையும் போட்டோ எடுக்கணும். எடுத்தா ஷெட்டுன்னுதான் வரும்.”

“நாளைக்குப் பிரிச்சிடறேன் சார்.”

“நாளைக்கு நான் வேற ஊருங்க.”

தூறல் விழ ஆரம்பித்தது. என் மனைவி படியிறங்கி வந்தாள்.

“ஷெட்டாம் ஷெட்டு! இன்னாயா பாத்துக்கினு நிக்கிற? கயித்த அவுரு!”

அவிழ்த்தேன். மூங்கிலையும் பிடுங்கிப் போட்டேன். தார்ப்பாயை மூட்டை மேலேயே போர்த்தப் போனேன்; “அதுவும் கூரைன்னுதான் வரும்,” என்றார். முதல் போட்டோ மங்கலாக விழுந்தது. போன் மேல் தண்ணீர். சட்டையில் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அது மேலே ஏறவில்லை.

“ஒரு நிமிஷம். சுத்திக்கிட்டே இருக்குது, டவர் இல்ல.”

மழை வலுத்தது. வீட்டில் இருந்த ஒரே குடையை விரித்து அவர் போனுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் எங்கள் வருடச் சாப்பாடு நனைந்துகொண்டிருந்தது.

“ஏறிடுச்சி,” என்றார்.

அடுத்த வாரம் வீட்டு வரி ரசீது சரியாக வந்தது. அதே வாரம் டோக்கனுக்கும் கூப்பிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்துப் பார்த்து, ஈரம் என்று எல்லா மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்து வீட்டெதிரே சாலையில் கொட்டிப் பரப்பினோம். பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே நெல் மேல் ஏற்றிக்கொண்டு போனார்.

என் மனைவி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: “ரோட்டுல காயுதே, இதுக்கு சதுர அடிக்கு இன்னா ரேட்டுன்னு ஆபீசாண்ட போய்க் கேட்டுக்கினு வா.”