இனிகோவின் நாற்பது நாள் துறவு

போன வருஷம் என் தங்கை புருஷன் இனிகோ, போனைத் துறக்கப் போவதாக ஊருக்கே அறிவித்தான். எதில் அறிவித்தான்? போனில்தான். சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு ஒரு செல்ஃபி. அதன் கீழே முழ நீளத்துக்கு: தவக்காலம் முடியும்வரை ஃபேஸ்புக் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, இந்த இளவேனிலில் எழுத்து மட்டுமே. கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் எத்தனை லைக் விழுந்தது என்று பார்த்துக்கொண்டான் அந்தத் துறவி.

எங்கள் கடற்கரையில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் குடியை. குடியை விட்டவன் ஈஸ்டர் பூசை முடிந்ததும் நேரே எங்கே போவான் என்பது எல்லாருக்கும் தெரியும். இனிகோவும் அந்த ரகம்தான்.

துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் அவனுக்கு வேலை. ஒருநாள் சூரிய உதயத்தைப் படம் பிடித்து நாலு வரி போட்டதிலிருந்து எழுத்தாளன். அதை நம்பிப் பங்குச்சாமியார், ஈஸ்டர் சாயங்காலம் போடும், ஏசுவின் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த மாதா புலம்பும் காட்சியைப் புதிதாக எழுதச் சொல்லிவிட்டார். மாதாவாக நடிப்பது என் தங்கை டெல்பின். அவளுக்கு மேடை என்றாலே பயம்.

"ஏளா, பயப்படாத. நான் முன்வரிசையில இருப்பேன். என் மூஞ்சிய மட்டும் பாத்துப் பேசு" என்று வாக்குக் கொடுத்தான் இனிகோ.

எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறான் பார்ப்போம் என்றிருந்தேன். தாக்குப்பிடித்தான், பாவி. போன் அரிசிப் பானைக்குள் கிடந்தது. ஆபீஸ் பேச்சுக்கு ஒரு பழைய பட்டன் போன். சாயங்காலம் முற்றத்து வேம்படியில் உட்கார்ந்து எழுதினான். தலையில் பூ உதிர்ந்தால் அதையும் வாயைப் பிளந்து பார்த்தான், ஏதோ அந்தப் பங்குனியில்தான் வேம்பு பூக்கக் கற்றுக்கொண்டது மாதிரி. டெல்பின் குசினியில் மீன் கழுவிக்கொண்டே வசனம் சொல்ல, வாசலில் நின்று கேட்டுத் திருத்துவான்.

"அண்ணே, அவிய இப்பல்லாம் என்னைப் பாத்துப் பேசுதாவ" என்றாள் ஒருநாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்கு வந்தது எரிச்சல். கட்டிய புருஷன் ஏறிட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு வரமா?

ஈஸ்டர் விடிந்தது. பழைய குருடி கதவைத் திறடி. காப்பிகூடக் குடிக்கவில்லை, அரிசிப் பானைக்குள் கைவிட்டுவிட்டான்.

மாலை கோயில் முற்றத்தில் நாடகம். நான் ஈட்டி பிடித்த ரோமானியச் சேவகன், மேடை ஓரத்தில் நின்றேன். டெல்பின் மண்டியிட்டாள். வாய் திறக்குமுன் முன்வரிசையில் அவன் முகத்தைத் தேடினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் போன் இருந்தது. லைவ் போட்டுக்கொண்டிருந்தான், மடையன். ஈட்டியை அவன் பக்கம் வீசிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

பிறகு அவளாகவே கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். "ஒருதரம் கண்ணைத் திறந்து என்னைப் பாரு மகனே" என்பது இனிகோ எழுதிய வரி. நல்ல வரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். முற்றமே அழுதது.

திரை விழுந்ததும் ஓடி வந்தான். "ஏளா, எத்தனை பேரு பாத்திருக்காவ தெரியுமா! ஆமா, கடைசில நீ நெசமாவா அழுத?"

டெல்பின் மாதாவின் நீல முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"போன்ல இருக்கும். பாத்துக்கிடுங்க."