அப்பா வைத்தியம் – நிறைந்தது

என் அக்கா ஏலவார்குழலிக்குக் கணக்கே வராது என்று சொன்ன எட்டாம் வகுப்பு வாத்தியார் இன்று உயிரோடு இருந்தால், கையைப் பிடித்து இழுத்து வந்து அவளுடைய கம்ப்யூட்டரைக் காட்டுவேன். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பென்ஷன் மனு, பட்டா மனு எதுவானாலும் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுப்பாள். கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்ததும், அன்றைய வரவு செலவை வீட்டுக் கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றாமல் சோற்றில் கை வைக்க மாட்டாள். ஓரிக்கையில் கூலி வேலை பார்த்த எங்கள் அப்பா சின்னப்பையன், மகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயரையே வைத்துவிட்டார்.

போன மாதம் போன் செய்தாள்.

"தினா, ஞாயித்துக்கெழம வாபா. இந்தக் கணக்கு தெறக்கறதுக்குள்ள நான் டீ போட்டுக் குடிச்சிட்டு டம்ளரையும் கழுவி வெச்சிடறேன். வேண்டாத கணக்கையெல்லாம் எடுத்துட்டு மிச்சத்த புது லேப்டாப்புல ஏத்திக் குடு."

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. போகாமல் இருக்க முடியாது. ஆனால் மனசுக்குள் ஒரு முள் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா படுத்துவிட்டார். ஓரிக்கையில் அவருக்கு இருந்த மூன்று சென்ட் மனையை மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்று, பணத்தை அக்கா கையில் கொடுத்தோம். ஏழு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து அவர் போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்த பில்லையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. திரையில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "அப்பா வைத்தியம் – நிறைந்தது."

நிறைந்திருக்கிறது என்றால் மிச்சம் இருக்கிறது. அவளே எடுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு அப்போது வேலை போயிருந்த நேரம், அந்தப் பணத்தில் பாதி கிடைத்தால்கூட மூச்சு விட்டிருப்பேன். கேட்டால் அற்பன், கேட்காவிட்டால் ஏமாளி. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு எட்டு வருஷமாக அவளை முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு அன்று போனேன். அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் ஒரு பக்கம் உறுமியது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். பட்டாசுச் சீட்டுக்கு ஒன்று. 2009-இல் வாங்கி மூன்றே மாதத்தில் செத்துப்போன ஆட்டுக்கு ஒன்று. எங்கே போனதென்று நினைவில்லாத காசுக்கென்றே "மறந்தது" என்று ஒன்று. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மறந்தது மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம்தான். எங்கள் கம்பெனியில் ஒரே வாரத்தில் அதைவிட அதிகம் மறப்போம்.

அகர வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அதே வரி.

"மொதல்ல அத எடுத்துடுபா," என்றாள் அக்கா. "தெறக்காத. அப்படியே தூக்கிடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கையாலேயே தடயத்தை அழிக்கச் சொல்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழி பொத்தானை அமுக்கினேன். சாஃப்ட்வேர் அழிக்கவில்லை. இந்தக் கணக்கில் நாற்பத்தோரு பதிவுகள் வேறு கணக்குகளோடு இணைந்திருக்கின்றன, இதை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது.

"இரு, எதோட சேந்திருக்குதுன்னு பாக்கணும்," என்று திறந்தேன். மனசுக்குள் குரூரமான சந்தோஷம்தான். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருப்பு: பூஜ்யம்.

"அக்கா, ஒண்ணுமே இல்ல. நிறைந்ததுன்னு போட்டு வெச்சிருக்க?"

"அரிசி தீந்துபோனா தீந்துபோச்சுன்னா சொல்லுவோம்? நெறஞ்சிருக்குதுன்னுதான சொல்லுவோம்?" உள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா பேரப் போட்டு கணக்கு முடிஞ்சிதுன்னு எழுத சொல்றியா? அப்புறம் பழகிப்போயி எல்லாத்துக்கும் அப்படியே எழுதிட்டேன்."

கீழே பார்த்தேன். ஆடு – நிறைந்தது. கேஸ் அடுப்புத் தவணை – நிறைந்தது. அடுப்படியில் கேட்டிருந்தால் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்ததால், கணக்குப் படித்த எனக்குப் புரியவில்லை.

பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மனை விற்ற பணம் நாலாவது மாதமே தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நாற்பத்தொன்றும். நகைச் சீட்டிலிருந்து இருபதாயிரம். கடைக்கு அட்வான்ஸாக எடுத்து வைத்ததில் முப்பதாயிரம். வளையல் அடகு. ராத்திரி நர்ஸுக்கு, ஆக்சிஜனுக்கு, நான் கண்ணால்கூடப் பார்க்காத பில்களுக்கு. கூட்டினால் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம், அத்தனையும் அவளுடையது. கூடப்பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் டீயோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"தெறக்காதன்னு சொன்னனே."

"எட்டு வருஷமா நீ பணத்த வெச்சிக்கினேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்கா."

"தெரியும்பா."

"தெரியுமா? அப்ப அன்னிக்கே இதக் காட்டியிருக்கலாம் இல்ல?"

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு வேல இல்லாத நேரம். காட்டியிருந்தா, பாதி குடுக்க முடியலயேன்னு இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்ட. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. சந்தேகப்பட்டா சண்ட போடவாச்சும் வருவ. வந்தியா இல்லியா?"

வந்தேன். ஒரு பொங்கல் விடாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.