சாணைக்கல்லை நான் கொடுக்கவில்லை

1961 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். குளியல், ஜெபம், ஒரு டம்ளர் கடுங்காப்பி. ஐந்தரைக்கு வார்டில் நின்றேன். இரவு நர்ஸிடம் சாவிக்கொத்தை வாங்கினேன். படுக்கைகள் இருபத்திரண்டு, காலி ஒன்றும் இல்லை. அடுத்தது ஊசி தீட்டும் வேலை. அன்று நான் அதைச் செய்யவில்லை.

அப்போதெல்லாம் ஊசியை ஒருமுறை போட்டுவிட்டு எறிகிற வழக்கம் கிடையாது. அதே பன்னிரண்டு ஊசிகளைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். கோவில்பட்டித் தண்ணீரின் உப்பு ஊசித் துளைக்குள் பூத்து அடைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பி விட்டு எடுக்க வேண்டும். முனையும் மழுங்கி மடங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சாணைக்கல்லில் தேய்ப்பேன். பிறகு பஞ்சில் இழுத்துப் பார்ப்பேன். இழை மாட்டினால் மறுபடி தேய்ப்பேன். பதினேழு வருடமாக அந்தக் கல்லை வேறு யாரும் தொட்டதில்லை.

அன்று தொடாததற்குக் காரணம் என் மேசை இழுப்பறையில் இருந்தது: ராஜினாமாக் கடிதம். தீக்குச்சி செய்யும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நர்ஸ் வேலைக்குக் கேட்டிருந்தார்கள். பத்து மணி முதல் ஐந்து மணி வரை, தீக்காயத்துக்கு மருந்து கட்டும் வேலை, ஞாயிறு விடுமுறை. புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர வேலை. அதற்கு மேலும் கூப்பிட்டால் போக வேண்டும். கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. உடம்பு முடியவில்லை என்றுதான் கடிதத்தில் எழுதியிருந்தேன். உண்மைக் காரணம் குளத்தூரிலிருந்து வந்திருந்த சின்ன நர்ஸ்.

அவள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆனால் வார்டு முழுக்க அவள் கைக்குத்தான் பெயர். பசுவந்தனைக்காரர் ஒருவர், மண்வெட்டி பட்டுக் கால் சீழ் பிடித்துப் படுத்திருந்தார். முந்தைய வாரம் நான் மருந்தை ஏற்றிக்கொண்டு போனபோது சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சின்ன நர்ஸம்மா வரட்டும். அவிய போட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. நீங்க போடுதது கருவ முள்ளுல்லா!"

வார்டே சிரித்தது. ஒரே ஊசி, ஒரே தட்டு, தீட்டியவள் நான். அவள் செய்ததெல்லாம் பேச்சுதான். "அண்ணாச்சி, இந்த வருசம் பருத்தியா கம்பா?" என்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். எனக்கு இருபத்திரண்டு படுக்கை. பருத்தி விசாரிக்க நேரமில்லை.

ஆகவே அன்று தீட்டாத ஊசிகளை அப்படியே கொதிக்கவைத்து அவளிடம் கொடுத்தேன். எட்டு மணிக்குப் பசுவந்தனைக்காரர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது.

"எம்மா! ஏ தாயி, பெரியவிய கை ஒங்களுக்கும் ஒட்டிக்கிட்டா?"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன், 'சந்தோஷம்' என்று. அடுத்த வரியில், அவர் கையில் ரத்தம் கட்டியிருந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

அவள் ஊசியைப் பஞ்சில் இழுத்துப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, முனை கொக்கி மாதிரி மடங்கியிருக்கு. இன்னைக்குத் தீட்டலையா? மேலுக்குச் சொகமில்லையா?"

"தலைவலி."

"சொல்லக் கூடாதாக்கா? கல்லைக் குடுங்க, நாளையிலேருந்து நான் தீட்டுதேன். நீங்க செத்த படுத்திருங்க."

அவள் முகத்தில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் போனால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. சாவிக்கொத்து அவளுக்கு, மேசை அவளுக்கு, கல்லும் அவளுக்கு. பேச்சோடு தீட்டலும் சேர்ந்துவிட்டால் என் பெயரைச் சொல்ல அந்த வார்டில் ஒரு பொருளும் மிஞ்சாது.

"அது என் சொந்தக் கல்லு" என்றேன்.

பொய். ஆஸ்பத்திரிச் சாமான் பதிவேட்டில், என் கையெழுத்திலேயே, 'சாணைக்கல், சிறியது, ஒன்று' என்று இருக்கிறது. அந்த வருடம் பதிவேட்டைச் சரிபார்த்தவளும் அவள்தான். "சரிக்கா" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸுக்கு வர இயலாது என்று எழுதித் தபாலில் போட்டேன். ராஜினாமாக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். நோயாளிகளை விட்டுப் போக மனம் வரவில்லை என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்பினார்கள்.

புதன்கிழமை காலை, வழக்கத்துக்குக் கால் மணி நேரம் முந்தி வார்டுக்குப் போய், முதல் வேலையாகப் பன்னிரண்டு ஊசிகளையும் தீட்டினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பஞ்சில் இழுத்துப் பார்த்தேன். அதில் மிக வழுக்கலாக வந்த ஒன்றை, பசுவந்தனைக்காரருக்கென்று, என் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டேன்.