காராசேவும் சேலைத் தராசும்

"எடையைக் குறைங்க. இல்லன்னா அடுத்த டெஸ்ட்டுக்கு அப்புறம் மாத்திரைதான்" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் நான் என் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, எந்தப் போட்டோ நன்றாக இருக்கும் என்பது வரை யோசித்துவிட்டேன்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. ஜரிகை பார்க்கக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வைத்து பிஸ்கட், மிக்சர் என்று எல்லாப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஆராய ஆரம்பித்தேன். எல்லாமே என்னைக் கொல்லப் பார்த்தன, காராசேவு ஒன்றைத் தவிர. கலோரி நூற்றைம்பது என்று போட்டிருந்தது. ரெண்டு இட்லியை நெருங்கும் கணக்கு. சாயந்திரம் ஒரு பாக்கெட் என்று வைத்துக்கொண்டேன். மருந்து மாதிரி, ஒரு நாள்கூடத் தவறாமல்.

செவிலிமேட்டு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டை என் மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, முப்பது கிராமுக்குன்னுதானே போட்டுக்கீறான்?"

"அதுக்கு இன்னா?"

"பாக்கெட்டு இருநூறு கிராமு. ஏழு பேரு துன்றத ஒரே ஆளா துன்னுக்கினு கீறீங்க. கடையில தெனம் கேக்குறாங்களே, 'இந்த நீளம் பிளவுஸ் சேத்தா, சேக்காமயா'ன்னு. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உடனே எனக்கு வியர்த்தது, நாக்கு வறண்டது, இடது கால் மரத்துப்போனது. கால் மரத்ததற்குக் காரணம் அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தது என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

மறுநாள் கடையில், சேலை எடை போடும் தராசில் காகிதம் விரித்து முப்பது கிராம் காராசேவு நிறுத்தேன். ஒரு கைப்பிடிகூட இல்லை. பக்கத்துக் கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, பட்டுல கலப்படம் பாக்குறியா?"

"என் சாப்பாடுபா இது."

"குருவிக்கு வெச்சதுன்னு நெனச்சேன். மீதிய இன்னா பண்ணுவ?"

அவரிடம் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. மீதி என் கையில் இருந்தால் அது மீதியாக இருக்காது. அன்று முதல் சாயந்திரம் நான் நிறுப்பதும், மிச்சத்தை அவர் வாங்கிக்கொள்வதும் வழக்கமாயிற்று. பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டாலே, வந்த கஸ்டமரை என் பக்கம் தள்ளிவிட்டு வருவார்.

டெஸ்ட் அன்று ரத்தம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் எறங்கியிருக்கு. இப்ப மாத்திரை வேணாம், இப்படியே போங்க" என்றார். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினேன்.

போன வாரம் பக்கத்துக் கவுண்டர்க்காரர் டாக்டரிடம் போய்வந்தார். வந்ததிலிருந்து பூதக்கண்ணாடி அவரிடம்தான் இருக்கிறது.