காலித் தளத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

நம்பாதவர்கள் இதைக் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்தது எனக்கு, பார்த்தது என் இரண்டு கண். நடுராத்திரி கிடையாது. நாய் ஊளையிடவில்லை. கரண்ட் போகவில்லை. பட்டப்பகல், மதியம் மூன்று மணி. பேய்க்கதை சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். பயந்தாங்கொள்ளிகள் கூடி உட்கார்ந்து ஒருவர் காதில் ஒருவர் பூ சுற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னமும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கல்லூரி மாணவர்களுக்கான ரோபோ போட்டி. எங்கள் குழுவில் மூன்று பேர். லீடர் என்று ஒருவன். வாயாலேயே கோட்டை கட்டுவான், ஒரு ஒயரைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாது. ஸ்பேனர் என்று இன்னொருவன். ரோபோவின் உடம்பு அவன் கைவேலை. திருகாணியை முறுக்குவான், அதற்கு மேல் அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது. மூன்றாவது நான். ரோபோவுக்குக் கண் கொடுக்கும் புரோகிராம் என்னுடையது. அதாவது, குழுவில் மூளை இருந்த ஒரே ஆள்.

தோற்றால் என் கதை முடிந்தது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தேன்னு வை, படிச்சது போதும். சித்தப்பா கம்பெனியில போய்க் கணக்கு எழுது." சித்தப்பாவின் கம்பெனி தண்ணீர்த் தொட்டிக்கு மூடி விற்கிறது. மூடி மட்டும்தான். தொட்டிகூடக் கிடையாது.

போட்டி இதுதான். ஓர் அறை அளவுக்கு வெள்ளை ரெக்சின் விரித்த தளம். அதற்கு நேர் மேலே, கூரையில் ஒரு காமிரா. தளம் காலியாக இருக்கும்போது முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். பிறகு காமிரா பார்க்கிற ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்தக் காலிப் படத்தைக் கழிப்பேன். மாறாததெல்லாம் கறுப்பாகிவிடும். புதிதாக வந்தது மட்டும் வெள்ளைத் திட்டாக மிஞ்சும். ரோபோவையும் பெட்டிகளையும் நிறத்தை வைத்துத் தனியாகப் பிரித்துவிடலாம். ரோபோ பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்க வேண்டும். வேறு ஏதாவது குறுக்கே வந்தால் நிற்க வேண்டும். இடித்தால் அங்கேயே வெளியேற்றம்.

மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத துளி நிழலைக்கூட விடாமல் பிடிக்கும்படி புரோகிராமை வைத்திருந்தேன். மனிதக் கண்ணை நான் நம்புவதில்லை. அதிலும் லீடரின் கண்ணை.

போட்டிக்கு முந்தைய நாள். கல்லூரியின் பழைய வரைபடக் கூடத்தைப் பயிற்சிக்கு எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கேயும் அதே மாதிரித் தளம், மேலே காமிரா. வெயில் மாறினால் நிறமும் மாறும் என்று ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, டியூப்லைட் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். காலிப் படம் எடுத்தேன். ரோபோவை விட்டேன். பாதித் தூரம் போனது... நின்றுவிட்டது.

திரையில் ரோபோவுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் தலை, இரண்டு பக்கமும் தோள். மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் அப்படித்தான் தெரிவான். ஆனால் தளத்தில் ஈ காக்கா இல்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காலிப் படம் எடுக்கும்போது யாராவது நடுவில் நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்துபோனாலும், அவன் நின்ற இடம் வெள்ளையாகத்தான் தெரியும். எங்கள் வேலையில் அரைகுறைகள் செய்கிற தப்பு அது.

"ஏண்டா, படம் எடுக்கும்போது நடுவுல போய் நின்னியா?"

"நானா? நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றான் லீடர்.

"அப்ப ஸ்பேனர்?"

"உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"அப்ப பேய் வந்து நின்னுச்சா? போய்த் தொலைங்க ரெண்டு பேரும். ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது."

கதவைத் தாழ்போட்டேன். ரோபோவை எடுத்து ஓரமாக வைத்தேன். தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். புதிதாகக் காலிப் படம் எடுத்தேன்.

திரை முழுக்கக் கறுப்பு. சுத்தம்.

மூன்று பத்து. திரையில் இரண்டு திட்டுகள்.

ஒன்று நடுவில். அசையவில்லை. படம் எடுத்தபோது அது நின்ற இடம்.

இன்னொன்று, கொஞ்சம் தள்ளி... இப்போது நிற்கும் இடம்.

தளத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தரை.

'சரக்...'

ரெக்சின் மடங்கும் சத்தம். யாரோ காலெடுத்து வைத்ததுபோல.

திரையில் திட்டு நகர்ந்தது. மெதுவாக... என் மேஜைப் பக்கமாக.

தளத்தின் ஓரத்துக்கு வந்தது. தோள் மறைந்தது. தலை மறைந்தது.

காமிராவுக்குத் தளம் மட்டும்தான் தெரியும்.

தளத்துக்கு வெளியே நான் இருந்தேன்.

ஓடியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஓடவில்லை. பயந்தேன், நன்றாகவே பயந்தேன். ஆனால் நாளைக்குப் போட்டி. தண்ணீர்த் தொட்டி மூடிகள் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றேன் காலி அறையைப் பார்த்து. பிறகு புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். ஆள் அளவில் இருக்கும் திட்டு எதையும் கண்டுகொள்ளாதே. சிவப்புக் கட்டம் போட்டு ஒதுக்கிவிடு. அதைவிடச் சின்னது வந்தால் மட்டும் பச்சைக் கட்டம் போட்டு நில். அவ்வளவுதான் நான் அதற்குக் கொடுத்த மரியாதை. அதன் பிறகு ரோபோ ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மறுநாள் வேறு கட்டடம். பெரிய அரங்கம், கூட்டம், கண் கூசும் வெளிச்சம். பெட்டிகள் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தன. கடைசியாகப் பாதுகாப்புச் சோதனை. ஒரு நடுவர் திடீரென்று தளத்துக்குள் இறங்கி ரோபோவின் வழியில் நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வரியை நான் எடுக்கவில்லை.

நடுவர் ஆள் அளவு. என் ரோபோவைப் பொறுத்தவரை அவர் அங்கே இல்லவே இல்லை.

முழு வேகத்தில் அவர் காலை நோக்கிப் போனது. கத்த வாயெடுத்தேன்...

ஒரு சாண் தூரத்தில் நின்றது.

கைதட்டல். முதல் பரிசு. லீடர் மேடையேறித் தன் தலைமையைத் தானே புகழ்ந்து தள்ளினான். சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கும், அதிர்ஷ்டம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா வாசலுக்கே வந்து ரோபோவைக் கையில் வாங்கி, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தார். "கணக்குப் பேச்சே இனி இல்ல. என் பொண்ணு எவ்வளவு வேணாலும் படிக்கட்டும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, போட்டியன்று என் கம்ப்யூட்டரில் பதிவான வீடியோவைப் போட்டேன். ரோபோவை நிறுத்தியது எது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நடுவர் இறங்குகிறார். சிவப்புக் கட்டம். ஒதுக்கப்பட்டுவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புக் கட்டம்.

குனிந்திருக்கிறது.

ரோபோவின் முகத்துக்கு நேராக ஒரு பச்சைக் கட்டம். சின்னது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

கை. விரல்களை விரித்து வைத்த ஒரு கை.

கழிக்காத படத்தையும் போட்டுப் பார்த்தேன். அதில் நடுவர் மட்டும்தான் இருந்தார்.

வீடியோ ஓடியது. நடுவர் வெளியேறினார். ஸ்பேனர் வந்து ரோபோவைத் தூக்கினான். பச்சைக் கட்டமும் ரோபோவோடு சேர்ந்து கிளம்பியது... கூடவே நகர்ந்தது... திரையின் ஓரம் வரைக்கும். வைத்த கையை அது எடுக்கவே இல்லை.

ஹாலில் பேச்சுச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து அப்பா ரோபோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா கை வைங்க" என்றார் அப்பா. "ஒண்ணும் பண்ணாது."